அடைமழைக் காலத்தில் வீட்டு ஈரமும் ஆஸ்துமாவும்

ஐப்பசியும் கார்த்திகையும் மன்னார்குடிப் பகுதியில் அடைமழைக் காலம். சம்பாப் பயிருக்கு நலம் தரும் அம்மழை, வீட்டுச் சுவரில் ஓதமாக ஏறினால் ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குப் பகையாகும்.

காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் சுவரில் பூஞ்சை படரும். மெத்தை, தலையணைகளில் கண்ணுக்குப் புலப்படாத தூசிப்பூச்சிகள் பெருகும். இவ்விரண்டும் இளைப்பைத் தூண்டவல்லவை. தூய உப்பு கசியத் தொடங்குவதோ ஏறத்தாழ 75 விழுக்காட்டில்தான். ஆகவே, உப்பு கசியும் வரை காத்திருத்தல் கூடாது.

ஈரவாடை நீங்கச் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். அப்புகை வாடையை மறைக்குமேயன்றி ஈரத்தைப் போக்காது. மூச்சுக்குழாயை மேலும் உறுத்தும். மாறாக, பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. ஈரத் துணிகளை நோயாளியின் அறையில் உலர்த்தாதீர்கள்.

2. சமையல், குளியல் ஆவி உடனே வெளியேற வழி செய்யுங்கள்.

3. மழை விட்டு வெயில் வந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

4. கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

5. பூஞ்சையைச் சோப்பு நீரால் துடைத்து, இடத்தை உலர விடுங்கள். துடைப்பவர் முகக்கவசம் அணிக. நோயாளி அப்பணியைச் செய்யலாகாது.

6. கூரை ஒழுகலை மழைக்கு முன்பே அடையுங்கள். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்ததை நாம் மறக்கவில்லை. நனைந்த பாய், மெத்தைகளை இரண்டு நாள்களுக்குள் உலர்த்துதல் வேண்டும்.

வீடு உலர்ந்துவிட்டது என்று எண்ணி, மருத்துவர் தந்த இன்ஹேலரைத் தாமாக நிறுத்தாதீர்கள். இன்ஹேலருக்கும் இளைப்பு அடங்காவிடில் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.