4294967297: ஐந்து எடுத்துக்காட்டுகளும் ஒரு மறுப்பும்

இரண்டாம் ஆண்டில் பயின்றபோது சனிக்கிழமைதோறும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குத் துணைப்பாட வகுப்பு நடத்தி வந்தேன். ஒருநாள் பலகையில் 3, 5, 17, 257, 65537 என எழுதினேன். 2-ஐ 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுக்கு உயர்த்தி, ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டினால் இவை கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள்.

“அண்ணே, அடுத்ததும் பகா எண்தானா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“ஆமாம்” என்றேன். சோதித்துப் பார்க்காமலே சொன்னேன்.

அடுத்த எண் 2³² + 1, அதாவது 4294967297. அன்றிரவு நூலைப் புரட்டியபோது, எனக்கு முன்பே இப்படி நம்பிய மேதை ஒருவர் இருந்ததை அறிந்தேன். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் ஃபெர்மா, இவ்வரிசை முழுவதும் பகா எண்களே என்று கருதினார். 1729இல் கோல்ட்பாக் இதைக் கடிதம்வழி ஆய்லரின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். 1732இல் ஆய்லர் விடை தந்தார்:

4294967297 = 641 × 6700417

இந்த 641 எப்படி அகப்படும்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால், 65,536க்குக் கீழே மட்டும் 6,542 பகா எண்கள் உள்ளன. ஆனால், ஆய்லர் பின்னாளில் நிறுவியபடி, இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிட்டிவிடுகிறது!

வகுக்காமலும் இதைக் காட்டலாம். 641-ஐ இருவிதமாக எழுதுவோம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் வரியின்படி, 5 × 2⁷-ஐ 641ஆல் வகுத்தால் மீதம் −1 எனக் கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-இன் மீதம் 1. இரண்டாம் வரியின்படி, 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐ இடலாம். அப்போது −2³²-இன் மீதம் 1 ஆகிறது. அதாவது, 2³² என்பது 641-இன் மடங்கொன்றுக்கு 1 குறைவு. அந்த 1-ஐக் கூட்டினால் மீதமின்றி வகுபடும்.

இவ்வெண் தொடங்கி அடுத்தடுத்த 28 எண்களும் பகு எண்கள் என்று இன்று நிறுவப்பட்டுள்ளன. ஆறாவது பகா எண் இவ்வரிசையில் இதுவரை அகப்படவில்லை. இல்லவே இல்லை என்றும் எவரும் நிறுவவில்லை.

மறு சனிக்கிழமை, “போன வாரம் நான் சொன்னது தவறு” என்று தொடங்கி, 641-ஐப் பலகையில் எழுதினேன். கேள்வி கேட்ட மாணவியே முன்வந்து நெடுமுறையில் வகுத்தாள். மீதம் சுழியம் என்று வந்ததும் அவள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை, நான் சரியான விடை சொன்ன எந்த நாளிலும் கண்டதில்லை.

வகுப்பெடுக்கும் தம்பி தங்கையரே, ஐந்து எடுத்துக்காட்டுகள் ஊகத்தைத் தரும், நிறுவலைத் தாரா. “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்பதும் நல்லாசிரியரின் விடைதான்.