விமானத்துக்கு எது வேகம்?

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே போகும் விமானங்களை செல்போன் ஆப்பில் பார்ப்பேன். 35,000 அடியில் மணிக்கு 830 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. காக்பிட் வீடியோக்களில் அதே உயரத்தில் வேகமானி 265 நாட் என்கிறது. கணக்குப் போட்டால் 490 கிலோமீட்டர்தான் வருகிறது. எது சரி? சிறிய விமானங்களின் வேகமானியில் நிறக்கோடுகள் எதற்கு? எனக்கு பைலட் ஆக ஆசை.

– இன்டர் எம்.பி.சி. மாணவி, பாலசமுத்திரம், சித்தூர்

பதில்: இரண்டும் சரி. ஆனால் இரண்டும் அளப்பது வேறு வேறு.

ஆப் காட்டுவது தரைவேகம். மேல்காற்று பின்னாலிருந்து தள்ளினால் அது கூடும், எதிர்த்தால் குறையும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நம் தலைக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. உங்களுக்கு அருகே காதங்கியில் இருக்கும் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் ராடார் இந்த மேல்காற்றைத்தான் அளக்கிறது.

வேகமானி அளப்பது தூரத்தை அல்ல, அழுத்தத்தை. விமானத்தின் முன்பகுதியில் விரல் தடிமனில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய், எதிரே வரும் காற்றின் மொத்த அழுத்தத்தை வாங்குகிறது. உடம்பின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள் சுற்றுக்காற்றின் அழுத்தத்தை மட்டும் வாங்குகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே முள்ளை நகர்த்துகிறது. பைக்கில் போகும்போது முகத்தில் அறைகிற காற்றைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 35,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் 450 நாட் வேகத்தில் பறந்தாலும் அறை குறைவு. முள் 265-இல் நிற்கிறது.

பைலட்டுக்கு வேண்டியதும் இந்த எண்தான். இறக்கையைத் தூக்கிப் பிடிப்பது அதே அறைதான். ரேணிகுண்டாவில் ஏறத்தாழ 135 நாட் வைத்து இறங்கும் விமானம், 10,600 அடிக்கு மேல் இருக்கும் லே விமான நிலையத்திலும் அதே எடையில் அதே 135-ஐ முள்ளில் வைத்துத்தான் இறங்கும். ஆனால் காற்றில்லாத நாளில் ரேணிகுண்டாவில் சக்கரம் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். லேயில் 290-ஐத் தாண்டும். ஓடி நிற்க நீளம் கூடுதலாக வேண்டும்.

இனி நிறங்கள். பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் செஸ்னா 172எஸ் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளை, 40 முதல் 85 நாட்: இறக்கையின் பின்விளிம்புத் தகடான ஃப்ளாப்பை முழுதாக இறக்கிப் பறக்கலாம். பச்சை, 48 முதல் 129: வழக்கமான பறப்பு. மஞ்சள், 129 முதல் 163: குலுக்கல் இல்லாத காற்றில் மட்டும், அதுவும் கவனத்தோடு. 163-இல் சிவப்புக் கோடு: ஒருபோதும் தாண்டக்கூடாது.

டயலில் வரையாத எல்லை ஒன்றும் உண்டு. கடும் குலுக்கலில் இந்த வேகத்துக்குள் வந்துவிட வேண்டும். முழு எடையில் அது 105 நாட். எடை குறைந்தால் 90 வரை இறங்கும். கனமான விமானத்துக்குத்தானே குறைவாக இருக்க வேண்டும் என்று தோன்றும். லேசான விமானத்தின் இறக்கை சிறிய கோணத்திலேயே அதைத் தூக்கிவிடுகிறது. திடீர்க் காற்று மோதும்போது, தூக்குவிசை கைவிடுவதற்கு முன் இன்னும் பல மடங்கு ஏற இடமிருக்கிறது. அந்த உதறல் கட்டமைப்பின் மேல் விழும். ஆகவே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

இந்த எண்களுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானம், பெங்களூரு ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். என்ஜின்கள் மிகக் குறைந்த விசையில் இருக்க, வேகம் தேவையான அளவுக்குக் கீழே சரிந்துகொண்டே போனது. கருவி காட்டிக்கொண்டுதான் இருந்தது. கவனித்து விசையைக் கூட்டியபோது நேரம் கடந்துவிட்டது. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போய்க்கொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447-இல் நேர்மாறு. பனித்துகள் பிட்டோ குழாய்களை அடைத்து, வேகக்கணக்கு பொய்யானது, ஆட்டோபைலட் விலகியது. குழம்பிய விமானிகள் மூக்கைத் தூக்கியபடியே பறக்க, தூக்குவிசை போய் அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஆகவே கருவி சொல்வதைக் கண் விடாமல் பார்க்க வேண்டும். அது பொய் சொன்னால் விமானத்தின் மூக்குக் கோணத்தையும் என்ஜின் விசையையும் வைத்துப் பறக்கத் தெரிய வேண்டும். பயிற்சிக்குச் சேர்ந்தபின் ஒவ்வொரு முறையும் ஏறும் முன் பிட்டோ குழாயின் உறையைக் கழற்றி, உள்ளே பூச்சியோ மண்ணோ இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது முள் அசையவில்லை என்றால், யோசிக்காமல் விசையைக் குறைத்து நின்றுவிடுங்கள். இப்போதைக்கு இயற்பியல் பாடத்தில் பெர்னூலி தேற்றத்தை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படியுங்கள்; வேகமானியின் அடிப்படை அதுதான்.