ரத்தத்தில் ஏறிய 'சி.இ.ஏ.' என்ன சொல்கிறது?

"டாக்டர், ஃபுல் செக்கப் பண்ணினேன். சி.இ.ஏ. 6ன்னு வந்திருக்கு. புற்றுநோயா?"

ஸ்ரீமுஷ்ணம் மாதிரி சிற்றூரில்கூட இப்போது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். இன்னொரு பக்கம், நுரையீரல் புற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவரின் வீட்டார், "நம்பர் இறங்கிடுச்சே, மாத்திரையை நிறுத்திடலாமா?" என்கிறார்கள். முதல் கேள்வியில் தூக்கம் போகும். இரண்டாவதில் உயிரே போகலாம்.

சி.இ.ஏ. என்பது ஒரு புரதம். கருவில் இருக்கும் குழந்தையின் குடலில் நிறைய இருந்து, பிறந்தபின் வெகுவாகக் குறைந்துவிடுவது. 1965ல் கனடாவில் ஃபில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மேன் என்ற இரு மருத்துவர்கள் இதைக் குடல் புற்றில் கண்டறிந்தார்கள். நுரையீரல் புற்றிலும் பலருக்கு இது ஏறுகிறது. ஆனால் பீடி, சிகரெட் பிடிப்பவருக்கும் ஏறும். நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி, கல்லீரல் சுருக்கம், கணைய அழற்சியிலும் ஏறும். புகைக்காதவருக்கு மில்லிலிட்டருக்குச் சுமார் 3 நானோகிராம், புகைப்பவருக்கு 5 வரை சாதாரணம் என்பார்கள். ஆரம்பப் புற்று உள்ள பலருக்கு இந்த எண் ஏறுவதே இல்லை! ஆகவே, நோய் இருக்கிறதா என்று தேட இந்தச் சோதனை உதவாது.

பிறகு எதற்கு? நோய் உறுதியானவரின் போக்கைப் பார்க்க. ஆபரேஷனுக்கு முன் ஏறியிருந்த சி.இ.ஏ. பிறகும் இறங்காவிட்டால், எங்கோ மிச்சம் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். 'சைஃப்ரா 21-1' என்ற புரதத் துணுக்கு அதிகமாக இருப்பவர்களுக்கு நோய் வேகமாகப் போவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனாலும் மூளை, எலும்பு, கல்லீரல் என்று புற்று பரவிவிட்டதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். ஒரு எண்ணை வைத்து "இத்தனை மாசம்தான்" என்று நாள் குறிப்பதை நான் ஏற்பதில்லை. ஒரே லேபில் பார்த்து, ஏறுமுகமா இறங்குமுகமா என்று கவனிப்பதே சரி.

சதைத் துண்டில் செய்யும் சோதனை வேறு ரகம். 'பி.டி.எல்.1' என்ற புரதம் புற்றுச் செல்களில் 50 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால், கீமோ இல்லாமல் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி மட்டுமே சிலருக்குப் போதும். 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' மரபணுவில் மாறுதல் இருந்தால் தினமும் ஒரு மாத்திரை. புகையே பிடிக்காத நம் பெண்களிடம் இந்த மாறுதல் அதிகம் காணப்படுகிறது. பரவிய நிலையிலும் ஆயுளைக் கூட்டித் தருவது இந்தச் சோதனைகள்தான். பயாப்ஸி எடுத்தாயிற்று என்றால், "இதெல்லாம் பார்த்தாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மையம், புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் வழிகாட்டுவார்கள்.

சித்த மருத்துவத்திலும் நெய்க்குறி உண்டு. சிறுநீரில் நல்லெண்ணெய்த் துளி விட்டு, அது பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய் விரிந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம் என்று பார்ப்போம். நோய் தீருமா, தீராதா என்றும் கணிப்போம். ஆனால் நுரையீரலில் உள்ள புற்று எலும்புக்குப் போய்விட்டதா என்று அந்தத் துளி சொல்லாது. சொல்லும் என்பவரை நம்ப வேண்டாம்.

சந்தேகப்பட வேண்டியது யார்? புகைப்பவர்கள் முதலில். அடுத்து, பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான் வேலை மாதிரி மணல்தூசியில் உழைப்பவர்கள். சிலிக்கா தூசி புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997ல் அறிவித்தது. மூன்று வாரம் ஆடாதோடைக் குடிநீர் குடித்தும் இருமல் நிற்கவில்லையா? சளியில் ரத்தமா? காரணமில்லாமல் எடை குறைகிறதா? என்னிடம் இன்னொரு பொட்டலம் கேட்காதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள். நிழல் தெரிந்தால் சளிப் பரிசோதனையும் செய்யுங்கள். காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிய பிறகே புற்று என்று தெரியவருவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது.

புற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிளகில் உள்ள பைப்பரின், கல்லீரலில் மருந்து சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டக்கூடியது. ரசத்தில் போடும் மிளகுக்குப் பயமில்லை. திரிகடுகச் சூரணம், லேகியம் எதுவானாலும் புற்றுநோய் டாக்டரிடம் டப்பாவோடு காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.