காரணமின்றி நிற்கும் கணனி

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பொருத்திய கணனி அடிக்கடி நின்றுபோனால், பலரும் முதலில் சொல்வது "வைரஸாக இருக்கும்" என்பதுதான். உடனே விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவுவார்கள். புதுக் கணனியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் வீண் வேலை என்பது என் கருத்து.

நானாவும் நானும் கூட்டிய கணனி ஒருநாள் காணொளி பார்க்கையில் நீலத்திரை காட்டியது. மறுநாள் யாரும் தொடாதிருக்கும்போதே தானாக மீள ஆரம்பித்தது. நானாவின் உயர்தரச் செயற்றிட்டக் கோப்பு ஒன்று திறக்கவே மறுத்தது. எந்தப் பாகம் பழுதென்று காட்டினால் உத்தரவாதத்தில் மாற்றித் தருவதாக விற்ற கடையில் சொன்னார்கள். காட்டும் பொறுப்பு எங்களுடையதாயிற்று.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 'கேர்னல்-பவர் 41' என்ற வரி திரும்பத் திரும்ப இருந்தது. இதைப் பார்த்துப் பவர் சப்ளையை மாற்ற ஓடுகிறவர்கள் உண்டு. கணனி முறையாக நிறுத்தப்படாமல் அணைந்தது என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது. ஏன் அணைந்தது என்பதை அல்ல. தானாக மீள ஆரம்பிக்கும் வசதியை நிறுத்தி வைத்தோம். அதன்பின் நீலத்திரையிலுள்ள சொற்களை ஆறுதலாக வாசிக்க முடிந்தது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சொற்கள்! புரொசசரின் வெப்பநிலையோ 70 பாகையைத் தாண்டவில்லை.

காரணம் மாறிக்கொண்டே இருப்பதும் ஒரு தடயம்தான். ராமில் ஒவ்வொரு பிற்றும் மிகச் சிறிய கொள்ளளவி ஒன்றில் ஏற்றமாக நிற்கிறது. அந்த ஏற்றம் கசிந்துவிடும் என்பதால் வழமையாக 64 மில்லிசெக்கனுக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். 8 ஜிபி கார்ட் ஒன்றில் இத்தகைய பிற்றுகள் ஏறத்தாழ 6,871 கோடி. அவற்றில் ஒன்று பழுதானால், அந்த இடத்தில் எது வந்து அமர்கிறதோ அதுதான் பாதிக்கப்படும். இன்று அது பிரவுசராக இருக்கலாம், நாளை பணிசெயல் முறைமையின் ஒரு பகுதியாக இருக்கலாம். பழுது ஓரிடத்தில்தான், நமக்குத்தான் அது அலைவதுபோலத் தெரிகிறது. சேர்வர்களில் இத்தகைய தவறைக் கண்டு திருத்தும் ராம் உண்டு. சாதாரண வீட்டுக் கணனிகளில் பெரும்பாலும் இல்லை. எனவே கெட்ட தரவு சத்தமின்றிக் கோப்பிலும் சேமிக்கப்படலாம். இத்தகைய சந்தேகம் வந்தால் முக்கியமான வேலைகளை அந்தக் கணனியில் தொடராதீர்கள், சகோதரிகளே.

மெம்டெஸ்ட்86+ என்ற இலவசச் செய்நிரலை யூஎஸ்பியில் ஏற்றி, விண்டோஸுக்குப் போகாமலே இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் திரையில் சிவப்பு வரிகள். ஆனால் அதை வைத்து ராம்தான் பழுதென்று முடிவுகட்ட இயலாது. எங்கள் கார்ட்கள் எக்ஸ்எம்பி அமைப்பில் 1.35 வோல்ற்றில் 3200 வேகத்தில் ஓடின. டிடிஆர்4 இன் நியம அளவு 1.2 வோல்ற்று. அந்த வேகத்தைத் தாய்ப்பலகையோ புரொசசரோ தாங்காமலும் இருக்கலாம். பயொஸில் எக்ஸ்எம்பியை நிறுத்திப் பார்த்தோம். பிழைகள் குறைந்தன, நிற்கவில்லை.

இனி ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் என்று தீர்மானித்தோம். ஒவ்வொன்றையும் பயிற்சிக் கொப்பியில் நான் எழுதினேன். முதல் கார்ட் தனியாக: பிழையில்லை. இரண்டாவது தனியாக, அதே ஸ்லொட்டில்: பிழை. இரண்டாவது வேறு ஸ்லொட்டில்: மீண்டும் பிழை, அதுவும் அதே முகவரியில். முதலாவது அந்த ஸ்லொட்டில்: பிழையில்லை. பிழை ஸ்லொட்டோடு தங்கியிருந்தால் தாய்ப்பலகையைத்தான் சந்தேகித்திருப்போம். இங்கே அது கார்ட்டைப் பின்தொடர்ந்தது. நான்கு வரிகளில் விடயம் முடிந்தது. அதற்கு நான்கு இரவுகள் போயின.

கடையில் கொப்பியையும் சிவப்பு வரிகளின் புகைப்படத்தையும் காட்டினோம். அதிகம் பேசாமல் மாற்றித் தந்தார்கள். புதிய கார்ட்டையும் ஓர் இரவு பரிசோதித்த பிறகே விண்டோஸைத் திறந்தோம். செயற்றிட்டக் கோப்பு மட்டும் திரும்பவில்லை. நானா அதை முதலிலிருந்து தட்டச்சு செய்கிறார்.