வெட்டிய ஸ்பிரிங்கோடு ஓடும் கார்

காரைத் தாழ்த்திப் பார்க்கும் ஆசையில் தவறில்லை. வளைவில் வண்டி சாய்வதும் ஓரளவு குறையும். கிரைண்டரை வைத்து ஸ்பிரிங்கை வெட்டுவதில்தான் சிக்கல். ஏற்கெனவே வெட்டியாயிற்று என்றால் பதற வேண்டாம், சரிசெய்யக்கூடியதே.

ஆறு சுற்று ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் மீதியின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஷாக் அப்சார்பரோ பழைய விறைப்புக்கு ஏற்பச் செய்தது; புதிய துள்ளலை அதனால் அடக்க முடியாது. வெட்டிய முனை ஸ்பிரிங் சீட்டில் (ஸ்பிரிங் அமரும் தட்டு) பொருந்தி உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம். நான் அதிகம் அஞ்சுவது இதற்கே. கேஸ் கட்டரால் வெட்டியிருந்தால் சூட்டில் எஃகின் பதமும் போயிருக்கும்.

இன்னொரு கணக்கு. ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ. விதிப்படி கட்டிய வேகத்தடையே 100 மி.மீ. உயரம் (நம் தெருவில் விதிப்படி கட்டியது எது என்று கேட்காதீர்கள்). 50 மி.மீ. தாழ்த்தி ஐந்து பேர் ஏறினால் அடி தட்டாமல் தப்புவது கடினம்.

வேகத்தடையில் 'டக்' என்ற சத்தம், ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைக் கவனியுங்கள். டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் பட்டன் (டயரின் வரிமேடுகள்) நன்றாக இருக்க, உள்பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறிவிட்டது என்று பொருள்.

வெட்டிய துண்டை வெல்டிங் வைத்து ஒட்டச் சம்மதிக்காதீர்கள். ஒட்டிய இடத்தில் முறியும். சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகி உயர்த்துவதும் தீர்வாகாது. புதிய ஸ்பிரிங்கை முன்பக்கமோ பின்பக்கமோ ஜோடியாகவே மாற்றி, ஷாக் அப்சார்பரையும் சோதித்து, வீல் அலைன்மென்ட் பாருங்கள். தாழ்த்தியே தீரவேண்டும் என்றால் உங்கள் மாடலுக்கென்றே செய்த, 30 மி.மீ. அளவில் தாழ்த்தும் ஸ்பிரிங் போதும். இதையும் ஜோடியாகவே போடவேண்டும்.

அதற்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி, மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.