வசூலும் மகசூலும்: அரபு இலக்கணத்திற்கு ஒரு வாயில்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் 'பாக்கி வசூல்' என்போர் அறியாமலே அரபு பேசுகின்றனர். அவ்விரு சொற்களும் பாரசீக அலுவல் வழக்கின் வழியே தமிழுக்கு வந்தவை.

அரபு இலக்கணத்தின் உயிர்நாடி மூவெழுத்து வேர். தமிழில் 'எழுது' என்னும் பகுதியின் பின்னே விகுதி சேரும். அரபியிலோ 'க்-த்-ப்' என்னும் மெய்கள் நிற்க, உயிரொலிகள் மாறும்: கிதாப் நூல், காதிப் எழுதுபவர், முன்னே 'ம' சேர்ந்தால் மக்தூப், எழுதப்பட்டது. இதே அச்சில் வார்த்ததே நம் உழவர் சொல்லும் மகசூல்: பெறப்பட்டது! தாசிலும் அதன் வேரினதே. அல்வாவின் வேர் இனிமை. பக்கீர்கள் தட்டிப் பாடும் தாயிராவுக்கு வட்டம் என்று பொருள்.

சவுதி அரேபியாவில் வேலை ஒப்பந்தம் வழக்குக்குச் சென்றால் அரபிப் பிரதியே செல்லும். அங்குச் செல்லும் நம்மவர் அதில் முதலில் தேடவேண்டிய சொல் 'அஜ்ர்', அதாவது ஊதியம். நம் பழைய பத்திரங்களின் 'இஜாரா' அதன் உடன்பிறப்பு.