அஞ்சாது முறையிடுவோம்

மும்பையிலுள்ள கிங்ஸ் சர்க்கிள், தமிழர் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் இடமாகும். தாராவியில் வாழும் மூதாட்டி ஒருவர் அங்கு நடந்து வருகையில், அவர்தம் கழுத்துச் சங்கிலியைக் கள்வன் ஒருவன் பறித்து ஓடிவிட்டான் என்று கொள்வோம். அவருக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. எக்காவல் நிலையத்திற்குச் செல்வது என்பதும் விளங்கவில்லை. “போனது போகட்டும்” என்று கலங்கி அமர்ந்த பாட்டிக்குப் பேத்தி எவ்வாறு உதவலாம்?

முதலில் 112 என்னும் அவசர எண்ணை அழைக்கலாம். பின்னர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கொண்டு, பாட்டியுடன் வீட்டின் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கே செல்லலாம். இத்தகைய குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்திருப்பினும், எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. வாய்மொழியாகக் கூறுவதைக் காவலர் எழுதி, படித்துக் காட்டுதல் வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படி ஒன்றை இலவசமாக அளித்தலும் வேண்டும். பாட்டி தமிழில் கூறுவதைப் பேத்தி இந்தியில் எடுத்துரைக்கலாம். எழுதப்பட்டதைத் தமிழில் விளக்கலாம். நாம் கற்கும் மொழிகள் நம் வீட்டாருக்கு அரணாவது இவ்வாறே.

துன்பம் சிறுவருக்கே நேர்ந்தால், 1098 என்னும் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். நாடெங்கும் பரவிய இச்சேவை, 1996ஆம் ஆண்டு நம் மும்பையில்தான் தோன்றியது. செம்பூரை அடுத்த தேவ்னாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இதனைக் களப்பணியாகத் தொடங்கிற்று.

தீய நோக்குடன் ஒருவர் குழந்தையின் உடலைத் தொடுவது கொடுங்குற்றம். இதற்கென 2012இல் போக்சோ சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டப்படி, வாக்குமூலம் பெறும் காவலர் சீருடை அணிதல் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருத்தல் வேண்டும். தேவையாயின் மொழிபெயர்ப்பாளரின் உதவியும் பெறலாம். வெட்கம் குற்றம் புரிந்தவருக்கே உரியது, துன்புற்றவருக்கு அன்று. ஆதலின் மறைக்காமல், நம்பிக்கைக்குரியவரிடம் உடனே கூறுதல் வேண்டும்.

நினைவில் கொள்க
112 – காவல், மருத்துவம், தீயணைப்பு
1098 – சிறார் உதவி
1930 – இணையவழிப் பண மோசடி
15100 – இலவசச் சட்ட உதவி (பெண்கள், சிறுவர் அனைவருக்கும் உரியது)

சொற்பொருள்
முறையிடல் – குறையை எடுத்துரைத்தல்
அரண் – பாதுகாப்பு
படி – நகல்

பயிற்சி
1. பாட்டி தம் வீட்டின் அருகிலுள்ள காவல் நிலையத்தில் முறையிடலாமா? ஏன்?
2. முதல் தகவல் அறிக்கையின் படியைப் பெறக் கட்டணம் உண்டா?
3. பிரித்து எழுதுக: எவ்விடம், எந்நேரம்.
4. மேற்கண்ட எண்களை ஒரு தாளில் தமிழிலும் மராத்தியிலும் எழுதி, வீட்டுக் கதவின் அருகே ஒட்டுக.